உள்ளேயும் வாசலிலும்: பெங்களூரு தமிழர்களிடையே சிறை ஊழியம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு போடும்போது, யாராவது ஒருவர் எங்களை ஓரமாக அழைத்துக் கேட்கும் கேள்விகள் இவை. சிலர் ஊழியத்தில் சேர வழி கேட்கிறார்கள். சிலர் "தெரிந்தவர் ஒருவருக்காக" என்று தொடங்குகிறார்கள். பேச்சு முடிவதற்குள் அந்தத் தெரிந்தவர் சொந்த மகன் என்பது புரிந்துவிடும். இரு தரப்பினரையும் மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம்.

நீங்கள் யார்?

பெங்களூரில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர். அல்சூர், லிங்கராஜபுரம், ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா என்று பல பகுதிகளில் இருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், இரண்டு நர்சுகள், ஒரு தையல்காரர், ஒரு கணக்காளர், இன்னும் சிலர். சி.எஸ்.ஐ.காரர்களும் பெந்தெகொஸ்தே சபையினரும் இதைச் சிறை ஊழியம் என்கிறார்கள், கத்தோலிக்கர்கள் சிறைப்பணி என்கிறார்கள். பெயர் எதுவானாலும் போகிற கேட் ஒன்றுதான். பதிவு பெற்ற ஓர் அமைப்பின் அனுமதியின் கீழ் உள்ளே போகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது.

எந்தச் சிறைக்குப் போகிறீர்கள்?

பரப்பன அக்ரஹாராவில் இருக்கும் மத்திய சிறைக்கு. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா அங்கே அடைக்கப்பட்டபோது தமிழ்நாடு முழுவதும் அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பு நகரத்தின் நடுவிலேயே, சேஷாத்ரி சாலைக்கு அருகில், பழைய மத்திய சிறை இருந்தது. அவசரநிலைக் காலத்தில் வாஜ்பாயும் அத்வானியும் வைக்கப்பட்டிருந்த இடம் அது. இப்போது சுதந்திரப் பூங்கா என்ற பெயரில் கூட்டங்களும் போராட்டங்களும் நடக்கும் இடமாகிவிட்டது. சிறை ஊருக்கு வெளியே போனதில் அதிகம் சிரமப்பட்டவர்கள் குடும்பத்தினர். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் வேலைக்குத் திரும்பிய காலம் எங்கள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கிறது. பிறகு அது ஒரு நாள் கூலியை விழுங்கும் பயணமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியபின், ஹோசா ரோடு நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போக முடிகிறது.

குற்றம் செய்தவர்களுக்கு எதற்கு இந்த உபசாரம்? பாதிக்கப்பட்டவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் மேல் எங்களுக்கு வருத்தமே இல்லை. எங்கள் குழுவிலேயே ஒருவருடைய தம்பி கொலை செய்யப்பட்டவர். அந்தத் தம்பியின் அக்காதான் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்களோடு சிறைக்குள் வந்து பாட்டு சொல்லிக் கொடுக்கிறார். எப்படி முடிகிறது என்று அவரிடம் கேட்டோம். "என் தம்பியைக் கொன்றவனை என்னால் இன்னும் பார்க்க முடியவில்லை. இவர்களைப் பார்க்க முடிகிறது. இப்போதைக்கு இதுவரைதான் வந்திருக்கிறேன்" என்றார். அதற்கு மேல் நாங்கள் அவரை எதுவும் கேட்டதில்லை. மன்னித்துவிடுங்கள் என்று பாதிக்கப்பட்ட எவரையும் வற்புறுத்துவது எங்கள் வேலையன்று. அப்படி வற்புறுத்துகிறவர்களைக் குழுவில் வைத்துக்கொள்ளவும் மாட்டோம்.

ஏன் போகிறோம் என்றால், "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்று மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நிரபராதியாய்க் காவலிலிருந்தேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த வசனத்தில் இருக்கும் வினைச்சொல் 'பார்ப்பது'. விடுவிப்பது நீதிமன்றத்தின் வேலை, திருத்துவது கடவுளின் வேலை. போய்ப் பார்ப்பது எங்கள் கையில் இருக்கிறது.

உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் குற்றவாளிகள்தானே?

இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022-இன் இறுதியில் இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ 5.73 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேரின் வழக்கு இன்னும் முடியவில்லை. குற்றம் செய்தாரா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் தீர்மானிக்காத நிலையில் வாய்தாவுக்கு வாய்தா காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே கொடிய குற்றம் செய்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே பாட்டுதான், அதே ஜெபம்தான்.

வழக்கு என்ன என்று கைதியிடம் கேட்கலாமா?

கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அதை வெளியே யாரிடமும், வீட்டிலும் ஜெபக்கூட்டத்திலும் கூடச் சொல்லக் கூடாது. 'ஜெபிக்கத்தானே சொன்னேன்' என்று சபை முழுவதும் ஒருவருடைய வழக்கைப் பரப்பிய சம்பவம் எங்களிடையே நடந்திருக்கிறது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு அந்தச் சபைக்கு வரவில்லை.

சாதியையும் கேட்கக் கூடாது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரித்துக் கொடுக்கும் விதிகள் செல்லாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது. பதிவேட்டில் இருக்கக் கூடாத கேள்வி நம் வாயிலும் இருக்கக் கூடாது.

உள்ளே போய் என்னதான் செய்கிறீர்கள்?

போகும் நாளில் முதலில் கேட்டில் நிற்போம். கைபேசி, பர்ஸ், சாவி எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட வேண்டும். பெயர்ப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள், சோதனை செய்வார்கள், கையில் முத்திரை குத்துவார்கள். ஒரு மணி நேரம் உள்ளே இருக்க ஒன்றரை மணி நேரம் வெளியே காத்திருப்பது உண்டு. பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

உள்ளே பாட்டு, வேத வாசிப்பு, சின்னச் செய்தி, ஜெபம். பிரசங்கம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் விதி. நரகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அதைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியது ஒன்றுமில்லை. மீதி நேரம் முழுவதும் கேட்பதுதான். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது வழக்கைப் பற்றி இருக்காது. அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்ததா, தங்கைக்கு வரன் பார்த்தார்களே என்ன ஆயிற்று, ஆடு குட்டி போட்டதா என்று இருக்கும்.

ஒரு காட்சியைச் சொல்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பையன் ஆறு மாதம் எங்கள் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பாட மாட்டான், பேச மாட்டான். ஒரு நாள் பாட்டுத் தாளைத் திருப்பித் தரும்போது அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்திருந்தது. என்ன தம்பி இது என்று கேட்டோம். அவன் கடைசியாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வரைபடம். எந்தச் சுவர் வரைக்கும் கட்டினான், எங்கே நின்றது என்று புள்ளி வைத்துக் குறித்திருந்தான். "பூச்சு வேலைக்கு முன்னால் என்னைப் பிடித்துவிட்டார்கள் அக்கா. யார் முடித்தார்கள் என்று தெரியவில்லை" என்றான். அதுதான் அவன் எங்களிடம் பேசிய முதல் வாக்கியம்.

இது மதம் மாற்றும் வேலைதானே?

நேரடியாகவே சொல்கிறோம். நாங்கள் கிறிஸ்தவர்கள், கிறிஸ்துவின் பெயரால் போகிறோம், அதை மறைப்பதில்லை. ஆனால் சிறைக்குள் இருப்பவர் எழுந்து வெளியே போக முடியாதவர். சோப்பும் போர்வையும் வக்கீல் உதவியும் கொடுக்கிற கை, 'நீ என் மதத்துக்கு வா' என்று சொன்னால் அது பேரம். அப்படிப்பட்ட பேரம் சுவிசேஷத்துக்கே அவமானம். ஆகவே ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. 'கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்' என்ற தீர்மானக் கைதூக்கல் கேட்பதில்லை. எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று கணக்கு எழுதுவதில்லை. பெருமாள் கோயில் திருநீறு கேட்ட ஒரு பாட்டிக்கு, 'பெருமாள் கோயிலில் திருமண் அல்லவா கொடுப்பார்கள், எந்தக் கோயில் பாட்டி?' என்று விசாரித்து, அவர் சொன்ன ஈஸ்வரன் கோயிலிலிருந்தே வாங்கி வந்தவர் எங்கள் ஆட்டோக்கார அண்ணன். சிறை அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற்றுத்தான் கொடுத்தோம்.

உதவிப் பட்டியலில் மதத்தின் பெயரே இல்லை. முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பல ஆண்டுகளாகப் பள்ளிக் கட்டணம் போகிறது.

தமிழர்களுக்கு அங்கே தனியாக என்ன சிரமம்?

மொழி, ஜாமீன்தாரர், தூரம். இந்த வரிசையில்.

பேச்சுக் கன்னடம் கட்டட வேலைக்கு வந்த மூன்றே மாதத்தில் வந்துவிடும். எழுத்துக் கன்னடம் வராது. குற்றப்பத்திரிகையும் மனுக்களும் கன்னடத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு, எதில் போட்டோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 'எனக்குப் புரியவில்லை' என்று வக்கீலிடமும் நீதிபதியிடமும் சொல்ல வெட்கப்பட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்கிறோம். எங்கள் குழுவில் கன்னடம் படிக்கத் தெரிந்த மூன்று பேர் மாலை நேரத்தில் குடும்பத்தினரின் காகிதங்களைப் படித்துச் சொல்கிறார்கள். வாய்தா தேதியும் பிரிவு எண்ணும் தெரிந்தாலே பாதி பயம் இறங்கிவிடுகிறது.

ஜாமீன் கிடைத்து இரண்டு மாதமாகிறது, இன்னும் வெளியே வரவில்லை. ஏன்?

எங்களிடம் வரும் கேள்விகளில் மிக அதிகமாக வருவது இது. ஜாமீன் உத்தரவு வந்தால் போதாது. நீதிமன்றம் கேட்ட ஜாமீன்தாரர் வர வேண்டும். அவருக்குச் சொத்து இருக்க வேண்டும், அல்லது சம்பளச் சான்று வேண்டும். 'உள்ளூர் ஆள்' வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் தர்மபுரியில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மாமா வந்தும் பயனில்லை. வாடகை வீட்டில் இருக்கும் கூலித் தொழிலாளிக்கு பெங்களூரில் நிலப் பத்திரம் வைத்திருக்கும் நண்பன் எங்கிருந்து வருவான்?

இதை உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978-லேயே மோத்தி ராம் வழக்கில் கேட்டுவிட்டார். ஒரு தமிழரோ மலையாளியோ கன்னடரோ டெல்லி சாந்தினி சௌக்கில் கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பது அவருடைய கேள்வி. ஜாமீன்தாரர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார் என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னும் அதே கேள்வியோடு ஹோசூர் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனாலும் வழிகள் இருக்கின்றன. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். விடுதலை தாமதமாவதற்கு 'உள்ளூர் ஜாமீன்தாரர்' நிபந்தனையே ஒரு காரணம் என்றும், அத்தகைய வழக்குகளில் அதை விதிக்காமலிருக்கலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது.

கட்டப் பணம் இல்லை என்பதே தடையானால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டின் விதிகளின்படி விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் கிடைக்கும் என்று இருந்தது. போதைப்பொருள், ஊழல், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்), சட்டவிரோதப் பணப்பரிமாற்றம் ஆகிய வழக்குகளுக்குப் பொருந்தாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் கேளுங்கள்.

நெடுநாள் உள்ளே இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு. சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவர் ஜாமீனில் விடப்பட வேண்டும். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தாலும் சிக்கல். நாள் கணக்கு முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஆனால் நாள் எண்ணுவதை நீங்களும் செய்யுங்கள். எங்கள் ஆசிரியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காலண்டரைக் கொடுத்து, கைதான தேதியில் சிவப்பு வட்டம் போட்டுத் தருகிறார்.

வக்கீலுக்குப் பணம் இல்லை. என்ன செய்வது?

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 'இலவச வக்கீல் சரியாக வாதாட மாட்டார்' என்று சொல்லி நகையை அடகு வைக்கச் சொல்லும் இடைத்தரகர்கள் நீதிமன்ற வாசலில் நிற்பார்கள். தாலிக்கொடியை விற்று அப்படி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வக்காலத்துக்கூடத் தாக்கலாகவில்லை என்பதை மூன்று வாய்தா கழித்துத் தெரிந்துகொண்ட ஒரு தங்கையை எங்களுக்குத் தெரியும். ரசீது தராதவரிடம் பணம் தராதீர்கள்.

நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போடுவீர்களா?

மாட்டோம். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. ஒருவருக்குப் போட்டால் அடுத்தவருக்கு ஏன் போடவில்லை என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்காது. கையெழுத்துப் போடுகிற குழு என்று பெயர் வந்துவிட்டால் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் வருகிறவர்களின் முகமே மாறிவிடும். சட்டப்பணிகள் ஆணையம் வரை கூட வருவோம், காகிதம் எழுதித் தருவோம், நீதிமன்ற வராந்தாவில் பக்கத்தில் உட்காருவோம்.

குடும்பத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

உண்மையைச் சொன்னால், எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. உள்ளே இருப்பவருக்கு மூன்று வேளை சோறு உண்டு. வெளியே இருக்கும் மனைவிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கணவன் கைதான மாதமே வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். அவள் வீட்டு வேலை செய்யும் இடங்களில் ஒன்றுக்குச் செய்தி போனால் நான்கு இடமும் போய்விடும்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லலாம். கணவன் துபாய்க்குப் போயிருப்பதாக அவள் சபையில் சொல்லியிருந்தாள். கிறிஸ்துமஸ் வந்தது. 'துபாயிலிருந்து என்ன வந்தது?' என்று எல்லாரும் கேட்பார்களே என்று சிவாஜிநகரில் தானே பிளாட்பாரத்தில் ஒரு வாசனைத் திரவியப் புட்டி வாங்கி, அதைப் பக்கத்து வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறாள். அன்று வீட்டில் அரிசி இல்லை. எங்கள் நர்சு ஒருவர் மருத்துவமனையில் அவளுடைய குழந்தைக்கு ஊசி போடும்போது, 'அப்பா எங்கே பாப்பா?' என்று கேட்டதற்குக் குழந்தை 'துபாய் ஜெயில்' என்று சொல்லிவிட்டது. அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவளைக் குத்திக்காட்டாமல் அரிசி போய்ச் சேர நாங்கள் செய்த முதல் வேலை, சபையில் மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து மூன்று மூட்டை வாங்கியதுதான்.

இப்போது வாடகைக்குச் சிறு உதவி, பள்ளிக் கட்டணம், தையல் வேலை என்று போகிறது. எல்லாவற்றையும்விட அவர்கள் கேட்பது ஒன்று: மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, போகும்போது கூட யாராவது வர வேண்டும்.

மனு பார்க்க எப்படி ஏற்பாடு செய்வது?

தமிழ்நாட்டுச் சிறைகளில் மனு என்று சொல்லும் அதே சந்திப்புதான். இ-பிரிசன்ஸ் இணையதளத்தில் இ-முலாகாத் பகுதியில் உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கைதியின் பெயர், உறவு ஆகியவற்றைப் பதிந்து தேதி கேட்கலாம். நேரில் போவதற்கும் காணொலிச் சந்திப்புக்கும் அதிலேயே விண்ணப்பிக்க முடியும். திருவண்ணாமலையில் நடக்க முடியாமல் இருக்கும் தாய்க்குக் காணொலி பெரிய ஆறுதல். கைதியின் பெயரைச் சிறைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். 'முருகன்' அங்கே 'முருகேஷ்' ஆகியிருக்கலாம். அசல் அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கேட்டில் திருப்பிவிட்டால், அந்தத் தூக்குவாளியோடு திரும்பி வரும் வழி மிக நீளமானது.

குழந்தைகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா?

வயதுக்கு ஏற்றபடி, ஆனால் பொய்யில்லாமல். 'அப்பா ஒரு இடத்தில் இருக்கிறார், அங்கிருந்து இப்போது வர முடியாது, உன்னால் இல்லை' என்பது ஐந்து வயதுக்குப் போதும். கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். தான் அடம் பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று நம்பிக்கொண்டு ஒரு வருடம் படுக்கையை நனைத்த பையனை எங்களுக்குத் தெரியும்.

தாயே உள்ளே இருந்தால் ஆறு வயது வரை குழந்தை அவரோடு இருக்கலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2022 கணக்கில் நாடு முழுவதும் 1,537 தாய்மாரோடு 1,764 குழந்தைகள் சிறைகளில் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு நாங்கள் கொண்டு போவது பொம்மைகளைவிடப் படப் புத்தகங்கள். மாடு, ரயில், கடல். அப்படிக் காட்டியபோது ஒரு நான்கு வயதுச் சிறுமி மாட்டைப் பார்த்துப் 'பெரிய பூனை' என்றாள்.

பெண்கள் இந்த ஊழியத்துக்கு வரலாமா? பாதுகாப்பா?

வரலாம். பெண்கள் பகுதிக்குப் பெண்கள்தான் போகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் கைதிகளால் எங்களில் யாருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை.

தன்னார்வலர் செய்யக் கூடாதது என்ன?

கடிதம் வெளியே கொண்டு வரக் கூடாது. பீடி, மாத்திரை, சிம் கார்டு எதையும் உள்ளே கொண்டு போகக் கூடாது, 'ஒரே ஒரு முறை' என்று எவ்வளவு அழுதாலும். உங்கள் கைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் தரக் கூடாது. படம் எடுத்துப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவை எல்லாம் எழுதப்பட்ட விதிகள். எங்களுக்கு இவற்றைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு: வருகிறேன் என்று சொன்னால் வர வேண்டும். முடியாதென்றால் சொல்லவே கூடாது. ஒரு தடவை எங்களில் ஒருவர், நல்ல மனிதர், கிளம்பும் அவசரத்தில் ஒரு முதியவரிடம் 'அடுத்த வாரம் உங்கள் பேத்தி படத்தோடு வருகிறேன்' என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவருக்கு வேலை மாற்றம், பிறகு காய்ச்சல், பிறகு மறதி. நான்கு மாதம் கழித்து நாங்கள் போனபோது அந்தப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். ஒவ்வொரு வியாழனுக்கும் ஒரு கோடு. பதினேழு கோடுகள். கோபப்படவில்லை. "அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். நீதிமன்றம் வாய்தா மாற்றுவதை அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் நம் பெயரையும் சேர்க்க வேண்டாம்.

விடுதலையான பிறகு?

முதல் இரவு மிக முக்கியம். மாலையில்தான் பெரும்பாலும் விடுவார்கள். கையில் ஒரு பை, பழைய துணி, அணைந்துபோன கைபேசி. யாரும் வரவில்லை என்றால் பழைய நண்பர்கள் வந்து நிற்பார்கள். ஆகவே குடும்பத்தினரால் வர முடியாத நாளில் எங்களில் இருவர் கேட்டில் நிற்கிறோம். இட்லி வாங்கிக் கொடுத்து, ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும் வரை நிற்கிறோம்.

அடுத்தது வேலை. ஆதார், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் காலாவதியாகியோ தொலைந்தோ இருக்கும். அதற்கடுத்தது சபை. இங்கே சபைத் தலைவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறோம்: சாட்சி சொல்ல அவரை மேடையில் ஏற்றாதீர்கள். பத்து ஞாயிறு சும்மா வந்து பின் பெஞ்சில் உட்காரட்டும். பக்கத்தில் உட்காருகிறவர் தன் கைப்பையை மறுபக்கம் நகர்த்தாமல் இருந்தால், அந்த ஞாயிற்றுக்கு அதுவே பெரிய சாட்சி.

எங்கள் சபையில் இதைப் பற்றிப் பேச எந்த நாள் பொருத்தம்?

கத்தோலிக்கர்கள் ஆகஸ்டில் சிறைப்பணி ஞாயிறு அனுசரிக்கிறார்கள். ஆகஸ்டு 14 புனித மாக்சிமிலியன் கோல்பேயின் திருநாள். 1941-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் முன்பின் தெரியாத சக கைதி ஒருவருக்குப் பதிலாகச் சாக முன்வந்தவர் அவர். மற்ற சபையினரும் அந்த வாரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நான் கிறிஸ்தவர் இல்லை. உதவலாமா?

தாராளமாக. கன்னடம் படிக்கத் தெரிந்தவர், வக்கீல், கணக்குச் சொல்லித்தருபவர், ஆட்டோ வைத்திருப்பவர் எல்லாரும் தேவை.

நான் சேர வேண்டும். எங்கே தொடங்குவது?

உள்ளே போக அனுமதிக்கு விண்ணப்பம், புகைப்படம், அடையாளச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நீங்கள் வாசலுக்கு வாருங்கள். மனு பார்க்க வரும் குடும்பங்கள் காலையிலேயே வந்து நிற்கின்றன. படிவம் நிரப்பத் தெரியாத பாட்டிக்கு நிரப்பிக் கொடுக்கலாம். கைக்குழந்தையோடு வந்தவள் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் குழந்தையை வாங்கிக்கொள்ளலாம். ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், குடை இருந்தால் குடை. ஆறு மாதம் இப்படி வாரம் தவறாமல் வந்தவர்களைத்தான் உள்ளே அழைத்துப் போகிறோம். வருவதாக இருந்தால் எந்தக் கிழமை என்று எங்களிடம் சொல்லுங்கள். அந்தக் கிழமைக்கு உங்கள் பெயரை எழுதிக்கொள்வோம்.